கணினியின் உயிர்நாடியான பயோஸ்: காப்பதும் மீட்பதும் எமது கைகளிலேயே

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. கணினி தொடங்கும்போது அதனை இயக்க வருகின்ற மென்பொருள் நம்பத்தகுந்ததா எனச் சரிபார்க்கும் 'செக்கியூர் பூட்' ஏற்பாட்டுக்காக 2011 ஆம் ஆண்டு வழங்கப்பட்ட சான்றிதழ்களும், 2026 ஆம் ஆண்டின் ஜூன், ஒக்டோபர் மாதங்களை முடிவுத் தவணையாகக் கொண்டவை. அவற்றின் இடத்தை 2023 ஆம் ஆண்டின் புதிய சான்றிதழ்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்விரு மாற்றங்களும் சாதாரண கணினிப் பாவனையாளரை, அவர் முன்னொருபோதும் எட்டிப்பார்த்திராத ஓரிடத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியுள்ளன. தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயோஸ் என்னும் நிலைபொருளே அந்த இடமாகும். புதிய சான்றிதழை ஏற்பதற்கும் புதிய இயங்குதளத்துக்கு வேண்டிய வசதிகளைச் செயற்படுத்துவதற்கும் பல கணினிகளில் பயோஸைப் புதுப்பிக்கவோ அதன் அமைப்புகளை மாற்றவோ நேரிடுகின்றது.

இது தொழினுட்பவியலாளர்களுக்கு மாத்திரம் உரிய விடயம் எனக் கருதி நாம் ஒதுங்கிவிட முடியாது. பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில், கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் கணினி இல்லாத பாடசாலையோ அலுவலகமோ அச்சகமோ இன்று அரிது. இவற்றுள் புத்தம்புதிய கணினிகள் குறைவு. பழையவற்றைப் பேணிப் பாவிப்பதே எமது பிராந்தியத்தின் நடைமுறை. இப்பழைய கணினிகளுள் ஒன்று ஒருநாள் காலையில் மின்விசையை அழுத்தியும் விழிக்க மறுத்தால், "போர்ட் போய்விட்டது" என்ற ஒரு வாக்கியத்துடன் அதன் கதை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. உண்மையில் பழுதாகியிருப்பது பலகையன்றி, அதிலுள்ள நகக்கண்ணளவு சிப் ஒன்றில் எழுதப்பட்ட சில மெகாபைட் எழுத்துகளாகவும் இருக்கலாம். எழுத்து அழிந்தால் மீண்டும் எழுதலாம். அதனை அறியாததனால் பொதுப்பணத்தில் வாங்கிய உடைமையைக் குப்பைக்கு அனுப்புவது ஏற்புடையதல்ல.

பயோஸ் என்பது யாது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். மின்சாரம் கிடைத்த கணத்தில் கணினியின் மூளையாகிய நுண்செயலிக்கு எதுவும் தெரியாது. நினைவகம் எங்கே, வன்தட்டு எங்கே, திரையை எவ்வாறு ஒளிரச் செய்வது என்பவற்றையெல்லாம் அதற்கு முதன்முதலில் சொல்லிக்கொடுப்பது பயோஸ் ஆகும். அது தன் கடமையை முடித்த பின்னரே விண்டோஸோ லினக்ஸோ மேடைக்கு வருகின்றது. 1981 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தனது தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியபோது, இந்நிரல் மாற்றி எழுத முடியாத நினைவகத்தில் பதிக்கப்பட்டிருந்தது. மாற்ற வேண்டுமானால் சிப்பையே கழற்றி மாற்ற வேண்டும். 1990 களில் இந்த இடத்துக்கு பிளாஷ் நினைவகம் வந்தது. கணினியை இயக்கியவாறே பயோஸை அழித்து எழுதும் வசதி அதனால் கிட்டியது. இன்றைய கணினிகளில் பழைய பயோஸுக்குப் பதிலாக யூ.ஈ.எப்.ஐ. எனும் விரிவான நிலைபொருள் உள்ளது. ஆயினும் மக்கள் வழக்கில் பயோஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அக்காலத்தில் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிய அந்நிரல் இன்று 16 அல்லது 32 மெகாபைட் வரை வளர்ந்துள்ளது. மாற்றி எழுதலாம் என்ற வசதியே அதன் பலவீனமாகவும் ஆயிற்று.

அப்பலவீனத்தை உலகம் உணர்ந்த நாள் 1999 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் திகதியாகும். தாய்வானைச் சேர்ந்த சென் இங் ஹாவ் என்ற மாணவர் எழுதிய சீ.ஐ.எச். என்ற வைரஸ் அன்றைய தினம் விழித்துக்கொண்டது. 1986 ஆம் ஆண்டு செர்னோபில் அணு உலை விபத்து நிகழ்ந்த திகதியும் அதுவே என்பதால், 'செர்னோபில் வைரஸ்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ ஒரு கிலோபைட் அளவேயான அந்த வைரஸ், விண்டோஸ் 95, 98 கணினிகளில் முதலில் வன்தட்டின் தொடக்கப் பகுதியை வெறுமையாக்கியது. பின்னர் பயோஸ் சிப்பில் குப்பையை எழுத முயன்றது. பிந்திய முயற்சி எல்லாத் தாய்ப்பலகைகளிலும் பலிக்கவில்லை. எழுதுவதற்குத் தடை இடப்படாத பலகைகளிலேயே அது வெற்றி கண்டது. அவ்வாறு வெற்றி கண்ட இடங்களில் கணினி வெறும் இரும்புப் பெட்டியாகியது. தென்கொரியாவிலும் துருக்கியிலும் இலட்சக்கணக்கான கணினிகள் பாதிப்புற்றன. ஆசியாவின் ஏனைய பல நாடுகளும் தப்பவில்லை. திருட்டு மென்பொருள் வழியாக மாத்திரமன்றி, பெயர்பெற்ற நிறுவனங்கள் வெளியிட்ட மென்பொருள்களுடனும் புதிய கணினிகள் சிலவற்றுடனும் அந்த வைரஸ் பயணித்திருந்தமை கவனிக்கத்தக்கது.

சீ.ஐ.எச். இன்று வரலாறாகிவிட்டது. அது தாக்கிய இயங்குதளங்களும் வழக்கொழிந்துவிட்டன. ஆனால் அது காட்டிய வழி மூடப்படவில்லை. 2018 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஈசெட் நிறுவனம் வெளிப்படுத்திய 'லோஜாக்ஸ்' என்ற தீநிரல், கணினியை அழிக்காமல் பயோஸ் சிப்புக்குள்ளேயே குடியிருந்தது. விண்டோஸை மீண்டும் நிறுவினாலும், வன்தட்டையே மாற்றினாலும் அது போகவில்லை. 2023 ஆம் ஆண்டு வெளிப்பட்ட 'பிளாக்லோட்டஸ்' செக்கியூர் பூட் காவலைத் தாண்டிச் சென்றது. அதே ஆண்டு டிசெம்பரில், கணினி தொடங்கும்போது திரையில் தோன்றும் நிறுவனச் சின்னத்தின் படக்கோப்பைக் கொண்டே தாக்குதல் நடத்தலாம் என்பது 'லோகோபெயில்' ஆய்வின் மூலம் தெரியவந்தது. ஒரு காலத்தில் கணினியைக் கொல்வதற்காக பயோஸைத் தாக்கினார்கள். இன்று கணினி உயிருடன் இருக்கும்போதே அதனைத் தம்வசம் வைத்திருப்பதற்காகத் தாக்குகின்றார்கள்.

எனினும், எமது ஊர்களின் கடைகளுக்கு வரும் பயோஸ் பழுதுகள் அனைத்துக்கும் வைரஸே காரணம் எனக் கொள்வது தவறாகும். எவரது தீய எண்ணமுமின்றி நேரும் சேதங்களும் உண்டு. 2017 ஆம் ஆண்டு டிசெம்பரில் உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவிய லெனோவோ மடிகணினிகள் பலவற்றில், பயோஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாத நிலை ஏற்பட்டது. சிலவற்றில் யூ.எஸ்.பி. வழியாகக் கணினியைத் தொடங்கவும் இயலவில்லை. இயங்குதளத்தின் கருவில் இருந்த, பயோஸ் சிப்பைக் கையாளும் ஒரு சிறு நிரற்பகுதியே அதற்குக் காரணம். அப்பதிப்பின் பதிவிறக்கம் இடைநிறுத்தப்பட்டு, திருத்திய பதிப்பு 2018 ஜனவரியில் வெளியிடப்பட்டது. ஆற்றல்மிக்க பொறியியலாளர்கள் உருவாக்கிய மென்பொருளிலேயே இத்தகைய தவறு நேருமாயின், அநாமதேயமான இடங்களிலிருந்து பெற்ற கோப்பைக் கொண்டு பயோஸை எழுதுவதன் ஆபத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எமது பிராந்தியத்தைப் பொறுத்தவரை முதலாவது எதிரி மின்சாரத் தடையே. பயோஸைப் புதுப்பிக்கும்போது பழைய எழுத்து முதலில் அழிக்கப்பட்டு, அதன்பின் புதியது எழுதப்படுகின்றது. இதற்கு எடுப்பது சில நிமிடங்களே. ஆனால் அச்சில நிமிடங்களுக்குள் மின்சாரம் நின்றுவிட்டால், பழையதும் இல்லை, புதியதும் முழுமையில்லை என்ற நிலையில் சிப் விடப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானதை நாம் மறந்துவிடவில்லை. அதற்கு நேரமாவது குறிக்கப்பட்டிருந்தது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்டதாகக் கூறப்பட்ட கோளாறு, எவ்வித முன்னறிவித்தலுமின்றி முழு நாட்டையும் இருளில் ஆழ்த்தியது. அந்நேரத்தில் மின்கலமோ யூ.பி.எஸ். சாதனமோ இன்றிப் பயோஸை எழுதிக்கொண்டிருந்த எந்தக் கணினியும் தப்பியிருக்க நியாயமில்லை.

இரண்டாவது எதிரி கடற்காற்றாகும். கரையோரக் காற்றிலுள்ள உப்பும் ஈரமும் தாய்ப்பலகையின் நுண்ணிய கால்களிலும் தொடுப்புகளிலும் படிந்து, காலப்போக்கில் அரிப்பை ஏற்படுத்துகின்றன. பாடசாலைக் கணினி கூடம் நீண்ட விடுமுறையில் வாரக்கணக்காகப் பூட்டிக்கிடக்கும்போது இது விரைவுபடுகின்றது. பலகையிலுள்ள நாணய வடிவிலான மூன்று வோல்ட் மின்கலம் வலுவிழப்பதும், அதன் பிடிப்பில் துரு ஏறுவதும் வழமை. இங்கே பலரிடமும் உள்ள ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துவது அவசியம். திகதி, நேரம், பாவனையாளர் செய்த அமைப்புகள் என்பன வேறு. பயோஸ் நிரல் வேறு. முன்னையவற்றுள் சிலவற்றையே அந்த மின்கலம் தாங்கி நிற்கின்றது. நிரல் பிளாஷ் சிப்பில் உள்ளது. மின்சாரமே இல்லாவிட்டாலும் அது அழியாது. எனவே மின்கலம் தீர்ந்ததனால் பயோஸ் அழிந்துவிட்டது என்பதும், மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் அழிந்த பயோஸ் திரும்பிவிடும் என்பதும் சரியல்ல.

அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய, தொழினுட்ப நிறுவகம் 2011 ஆம் ஆண்டு பயோஸ் பாதுகாப்புக்கான வழிகாட்டல்களை வெளியிட்டது. 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆவணத்தில் அது தன் நிலைப்பாட்டை மேலும் விரித்தது. பாதுகாத்தல், கண்டறிதல், மீட்டெடுத்தல் என்ற மூன்றும் சேர்ந்தாலே நிலைபொருளுக்கு உறுதி உண்டு என்பதே அதன் சாரம். பாதுகாப்பு எவ்வளவு வலுவானதாயினும் ஒருநாள் தோற்கலாம். அன்று மீள்வதற்கான வழியை முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும் என்ற நடைமுறை அறிவு அதில் பொதிந்துள்ளது. பெரும் நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட அம்மூன்று சொற்களும் கல்முனையின் ஒரு சிறு கடைக்கும் பொருந்தும்.

பாதுகாத்தலை முதலில் எடுத்துக்கொள்வோம். நன்றாக இயங்கும் கணினியின் பயோஸைக் காரணமின்றித் தொடவேண்டாம் என்பது பழைய அறிவுரை. பாதுகாப்புக் குறைகள் அடிக்கடி கண்டறியப்படும் இக்காலத்தில் அதனை அப்படியே பின்பற்ற முடியாது. காரணத்தை அறிந்து, ஆயத்தத்துடன் தொடவேண்டும் என்று அதனைத் திருத்திக்கொள்ளலாம். புதிய கோப்பைக் கணினியை அல்லது தாய்ப்பலகையைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்தே பெறவேண்டும். மாதிரியின் பெயர் ஒத்திருந்தால் மாத்திரம் போதாது. ஒரே பெயரில் வெளியான பலகைகளுக்கிடையேயும் திருத்த எண் வேறுபடலாம். அவ்வெண் பலகையின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். மேசைக் கணினியாயின் யூ.பி.எஸ். சாதனத்துடன் இணைத்த பின்னரும், மடிகணினியாயின் மின்கலம் நிறைந்து மின்னேற்றியும் பொருத்தப்பட்ட நிலையிலும் மாத்திரமே வேலையைத் தொடங்கவேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமின்னல் வேளைகள் இதற்கு உகந்தவையல்ல. விண்டோஸுக்குள்ளிருந்து எழுதுவதைவிட, பயோஸ் திரையிலேயே உள்ள வசதியின் மூலம் பென்டிரைவிலிருந்து எழுதுவது பொதுவாகப் பாதுகாப்பானது. இலவசமாகக் கிடைக்கின்றது என்பதற்காக விண்டோஸைச் சட்டவிரோதமாகச் செயற்படுத்தும் நிரல்களை ஓடவிடுவதும், அவற்றுக்கு இடமளிப்பதற்காக செக்கியூர் பூட் காவலை நிறுத்துவதும் வீட்டின் வாசற்கதவைக் கழற்றி விற்பதற்கு ஒப்பாகும்.

மற்றுமொரு முக்கிய விடயம் பிட்லொக்கர் எனும் குறியாக்கமாகும். இன்றைய மடிகணினிகள் பலவற்றில் உரிமையாளர் அறியாமலேயே வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயோஸ் மாறியதும் அல்லது அதன் அமைப்புகள் மாறியதும், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கணினி கேட்கலாம். சாவி இல்லையேல் உள்ளேயிருக்கும் தரவுகளை எவராலும் திறக்க முடியாது. எனவே பயோஸைத் தொடுவதற்கு முன்னர் அச்சாவியைத் தேடி எழுதி வைப்பதும், குறியாக்கத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்துவதும் கட்டாயமாகும். பயோஸைக் காப்பாற்றி, ஒரு குடும்பத்தின் புகைப்படங்களையோ ஓர் ஆசிரியரின் பல ஆண்டுக் குறிப்புகளையோ இழப்பது மீட்பு ஆகாது.

அடுத்தது கண்டறிதல். விழிக்க மறுக்கும் கணினிகள் அனைத்தும் பயோஸ் இழந்தவை அல்ல. மின்வழங்கி பழுதாகியிருக்கலாம். நினைவகப் பட்டையின் தொடுப்பில் உப்புப் படிந்திருக்கலாம். ஆகவே மின் இணைப்பைத் துண்டித்து, நினைவகத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி, அமைப்புகளை ஆரம்ப நிலைக்கு மீட்டுப் பார்ப்பதே முதற்படி. காற்றாடி சுழன்று, விளக்குகள் எரிந்து, திரையில் மாத்திரம் எதுவுமே தோன்றாதிருப்பின், அதிலும் பயோஸைப் புதுப்பிக்கும் முயற்சி இடையில் நின்ற பின்னர் அவ்வாறு நேர்ந்திருப்பின், சந்தேகம் பயோஸின்மீது திரும்புவது நியாயமானது. அந்நிலையிலும் வன்தட்டிலுள்ள தரவுகளுக்கு எதுவும் நேர்ந்திருக்காது என்பதை உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். பயோஸ் பழுதுக்காக வன்தட்டை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுவது, காலில் முள் தைத்தவருக்குத் தலையை மழிப்பது போன்றதாகும்.

மீட்டெடுத்தலுக்கு இன்று பல வழிகள் உள்ளன. அவற்றுள் சில பாவனையாளரே செய்யத்தக்கவை. எச்.பி. மடிகணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் 'பீ' விசையையும் சேர்த்து அழுத்தியவாறு மின்விசையை அழுத்தினால் பயோஸ் மீட்பு தொடங்கும். அண்மைக்கால டெல் மடிகணினிகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளை அழுத்தியவாறு மின்னேற்றியைப் பொருத்தினால் மீட்புத் திரை தோன்றும். ஜிகாபைட் நிறுவனத்தின் பலகைகள் பலவற்றில் இரண்டு பயோஸ் சிப்புகள் உள்ளன. ஒன்று கெட்டால் மற்றது அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். அசூஸ், எம்.எஸ்.ஐ. ஆகிய நிறுவனங்களின் பலகைகள் சிலவற்றில் பின்புறத்தில் இதற்கெனவே ஒரு பொத்தான் உண்டு. உரிய பெயரிட்ட கோப்புடன் பென்டிரைவைச் செருகி அதனை அழுத்தினால், நுண்செயலியும் நினைவகமும் இல்லாமலேயே பயோஸ் எழுதப்பட்டுவிடும். தாய்ப்பலகையை வாங்கும்போது விலையையும் வேகத்தையும் விசாரிக்கும் நாம், இத்தகைய மீட்பு வசதி அதிலுண்டா என்பதையும் விசாரிக்கப் பழக வேண்டும்.

இவை எதுவும் பலிக்காதபோது இறுதி வழி, சிப்பில் நேரடியாக எழுதுவதாகும். எட்டுக் கால்களைக் கொண்ட அச்சிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் ஒன்றும், சீ.எச்.341ஏ போன்ற விலை குறைந்த எழுதுகருவி ஒன்றும், இயங்கும் மற்றொரு கணினியும் இதற்குப் போதும். ஆனால் கருவி மலிவானது என்பதற்காக வேலை இலகுவானது எனக் கொள்ளலாகாது. பெரும்பாலான சிப்புகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. புதிய மடிகணினிகள் சிலவற்றில் 1.8 வோல்ட் சிப்புகளும் உள்ளன. அவற்றுக்கு இடைமாற்றி இன்றி மின்சாரம் கொடுத்தால் சிப் நிரந்தரமாகப் பழுதாகிவிடும். இம்மலிவுக் கருவிகளுள் சில, தரவுக் கால்களில் 5 வோல்ட் வரை செலுத்துபவை என்பதும் அறியப்பட்ட குறைபாடாகும். வேலையைத் தொடங்குமுன் பலகையிலிருந்து மின்னேற்றியையும் மின்கலங்களையும் அகற்றிவிட வேண்டும்.

எழுதுவதற்கு முன்னர் வாசிக்க வேண்டும் என்பதே இத்தொழிலின் தங்க விதி. பழுதாகிய உள்ளடக்கமாயினும் அதனை இரண்டு தடவை வாசித்து, இரு பிரதிகளும் ஒன்றாக உள்ளனவா என ஒப்பிட்டுச் சேமிக்க வேண்டும். ஏனெனில் மடிகணினியின் பயோஸ் சிப்பில் நிரல் மாத்திரம் இருப்பதில்லை. அக்கணினியின் தொடரிலக்கம், வலையமைப்பு முகவரி, விண்டோஸ் உரிமச்சாவி போன்ற அதற்கே உரிய அடையாளங்களும் அங்கு பதியப்பட்டிருக்கலாம். இன்டெல் நுண்செயலியைக் கொண்டவற்றில், அதன் முகாமைத்துவ இயந்திரத்துக்குரிய பகுதியும் அதே சிப்பில் இருக்கும். வேறொருவரின் கணினியிலிருந்து எடுத்த பிரதியை அப்படியே எழுதிவிட்டால், கணினி விழிக்கலாம். ஆனால் அது தன் பெயரை மறந்து, மற்றொன்றின் அடையாள அட்டையுடன் நடமாடும். பழைய பிரதி கையிலிருந்தால் அவ்வடையாளங்களை எடுத்துப் புதியதில் சேர்க்க முடியும். மேலும், எவரோ பகிர்ந்த பிரதிக்குள் முன்னர் குறிப்பிட்ட லோஜாக்ஸ் போன்ற ஏதேனும் ஒளிந்திருந்தால், அதனைக் காட்டித்தர சாதாரண வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் பெரும்பாலும் இயலாது.

பிரதி வைத்திருப்பதன் பெறுமதியை இப்பிராந்திய மக்களுக்கு எவரும் போதிக்கத் தேவையில்லை. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி கடற்கோளில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. உயிர்களுடன் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் கடலோடு போயின. பிழைத்தவர்கள் தாம் யார் என்பதை நிரூபிப்பதற்கே அலைய நேர்ந்தது. அதே பாடத்தை 2023 ஆம் ஆண்டு ஓகஸ்டில் அரசாங்கமே கற்க நேர்ந்தது. இலங்கை அரசாங்க மேகக்கணிமை மீது நடத்தப்பட்ட கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதிக்குரிய அரச மின்னஞ்சல் தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலப்பகுதிக்குரிய பிரதி இருக்கவில்லை. கடலுக்கும் கள்வனுக்கும் எட்டாத இடத்தில் ஒரு பிரதி என்ற ஏற்பாட்டுக்கு மாற்று எதுவுமில்லை. சில மெகாபைட் அளவேயான பயோஸுக்கு அதனைச் செய்து வைப்பதற்கு ஒரு பென்டிரைவின் மூலை போதும்.

இவ்விடத்தில் பழுதுபார்ப்போரின் பொறுப்பையும் குறிப்பிட வேண்டியுள்ளது. எமது பிராந்தியத்தின் கணினிக் கடைகள் பலவற்றை நடத்துபவர்கள் சொந்த முயற்சியால் தொழிலைக் கற்ற இளைஞர்கள். ஒரே கடையின் மேசையில் தமிழ்ப் பாடசாலையின் கணினியும் முஸ்லிம் பாடசாலையின் கணினியும், ஆலயத்தினதும் பள்ளிவாசலினதும் கணக்கேடுகளைக் கொண்ட கணினிகளும் அருகருகே கிடக்கின்றன. ஊர்களுக்கிடையே எத்தனை பிணக்குகள் எழுந்தபோதிலும் இம்மேசை அனைவருக்கும் பொதுவாகவே இருந்து வந்துள்ளது. அந்நம்பிக்கையைப் பேணுவது தொழிலின் மூலதனமாகும். வாடிக்கையாளர் ஒப்படைத்த கணினி ஓர் அமானிதம். அதன் பயோஸ் பிரதியும் அவ்வாறே. வேலை முடிந்ததும் அப்பிரதியை உரிமையாளரிடம் கையளிப்பதும், என்ன பழுது, என்ன செய்யப்பட்டது என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொடுப்பதும் வழமையாக வேண்டும். பலகையை மாற்றத்தான் வேண்டும் என்று கூறப்படும்போது, சிப்பை வாசித்துப் பார்த்தீர்களா என வினவும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அதேவேளை, சிப்பை எழுதுவது திறமையும் நேரமும் வேண்டிய வேலை என்பதால் அதற்குரிய கூலியைக் கொடுக்கத் தயங்குவதும் நியாயமன்று.

பாடசாலைகளைப் பொறுத்தவரை இது இன்னும் அவசரமானது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடமாக உள்ளது. கணினி கூடத்தில் இரண்டு கணினிகள் குறைந்தால், அவற்றுக்கு முன்னால் அமரவேண்டிய மாணவர்கள் மற்றவர்களின் தோள்களுக்கு மேலாக எட்டிப்பார்த்துக் கற்கின்றனர். பழுதானவற்றை முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்புக்கு அனுப்பிக் காத்திருப்பதும், புதியவற்றுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதும் ஒரு தவணையை விழுங்கிவிடும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்ததிலிருந்து, இறக்குமதியாகும் உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் பையை வருத்துகின்றது. கழித்து ஒதுக்கப்படும் பலகைகளோ ஈயமும் ஏனைய நச்சுப் பொருட்களும் கலந்த இலத்திரனியல் கழிவாக எமது மண்ணிலேயே எஞ்சுகின்றன.

இந்நிலையில் செய்யத்தக்க சில காரியங்களை நாம் முன்வைக்க விரும்புகின்றோம். முதலாவதாக, ஒவ்வொரு கணினி கூடத்திலும் ஒரு பதிவேடு வேண்டும். ஒவ்வொரு கணினியினதும் தாய்ப்பலகையின் பெயர், திருத்த எண், பயோஸ் பதிப்பு, கடைசியாகப் புதுப்பித்த திகதி ஆகியன அதில் இடம்பெறல் வேண்டும். பயோஸ் அமைப்புகளை மாணவர் கை தவறி மாற்றிவிடாதிருக்கக் கடவுச்சொல் இடுவதும், அக்கடவுச்சொல்லை உறையிலிட்டு அதிபரின் பொறுப்பில் வைப்பதும் அவசியம். கடவுச்சொல் தெரிந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் கூடமே முடங்குவதை இது தவிர்க்கும். வருடத்துக்கு ஒரு தடவையேனும் மின்கலங்களையும் தொடுப்புகளையும் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் உள்ளன. சம்மாந்துறையில் தொழினுட்பக் கல்லூரி உள்ளது. இவ்விரு நிறுவனங்களும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயக் கல்விப் பணிமனைகளுடன் கைகோத்து, பழுதான பாடசாலைக் கணினிகளை ஒன்றுதிரட்டி மாணவர்களின் செய்முறைப் பயிற்சியாகவே மீட்கும் முகாம்களை நடத்தலாம். கழித்து ஒதுக்கிய பலகையில் பழகும் கைக்குப் பின்னர் நல்ல பலகையைத் தொடும் துணிவு வரும். கடைகளில் தொழில் புரியும் இளைஞர்களையும் அம்முகாம்களுக்கு அழைக்க வேண்டும். அவர்களது அனுபவம் பல்கலைக்கழகத்துக்கும், பல்கலைக்கழகத்தின் முறைமை அவர்களுக்கும் பயன்படும்.

மூன்றாவதாக, இவ்வறிவு தமிழில் கிடைக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவு விடுக்கும் எச்சரிக்கைகளும், செக்கியூர் பூட் சான்றிதழ் மாற்றம் போன்ற விடயங்கள் குறித்த விளக்கங்களும் ஆங்கிலத்தில் வெளியாகும் அதே வேகத்தில் தமிழிலும் மக்களைச் சென்றடைதல் வேண்டும். ஆபத்து எல்லா மொழி பேசுவோரையும் ஒரே நேரத்தில் வந்தடைகின்றது. எச்சரிக்கை மாத்திரம் மொழி பார்த்துத் தாமதிப்பது முறையன்று.

பழைய கணினிகளை உடைய பாவனையாளர்கள் சான்றிதழ் மாற்றத்தை நினைத்துப் பதற்றமடையத் தேவையில்லை. தவணை முடிந்ததனால் மாத்திரம் கணினி நின்றுவிடப்போவதில்லை. தொடக்கப் பகுதிக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் தகுதியையே அது இழக்கின்றது. ஆகவே பதற்றத்தில் கண்ட கோப்பை எழுதி நல்ல கணினியைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எதுவும் நேராது எனக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். தரவுகளுக்கு ஒரு பிரதி, குறியாக்கச் சாவிக்கு ஒரு பிரதி, மின்சாரத்துக்கு ஓர் உத்தரவாதம், கோப்புக்கு உரிய முகவரி என்ற நான்கையும் உறுதிசெய்துகொண்ட பின்னர் வேலையைத் தொடங்குவதே விவேகமாகும்.

கடலையும் போரையும் பொருளாதார நெருக்கடியையும் கண்ட இக்கரையோர மக்கள், இருப்பதைப் பேணி மீண்டும் எழுந்து நிற்கும் கலையை நன்கறிந்தவர்கள். நகக்கண்ணளவு சிப் ஒன்றின் எழுத்தை மீட்பது அக்கலையின் மிகச் சிறிய பகுதியே. ஆனால் அதில் தேறும் பிராந்தியம், நாளை வரும் எந்தக் கருவியின் முன்னாலும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. கல்வி அதிகாரிகளும் பல்கலைக்கழகமும் வர்த்தகர்களும் இவ்விடயத்தில் உரிய கவனம் செலுத்துவார்கள் என எதிர்பார்க்கின்றோம்.